குறையாத பாட்டில்

ஐயா, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். நாள் முழுவதும் உடுத்திய துணியில் பொடிமணல் ஒட்டியிருக்கும். அது கண்ணாடியில் மெல்லிய கீறல்களை இழுத்துக்கொண்டே போகும். நாளடைவில் விளக்கைப் பார்த்தால் புகைமூட்டமாகத் தெரியும், நீங்கள் உங்கள் கண்ணைக் குறை சொல்வீர்கள். குற்றமெல்லாம் துணியுடையது. என் பையில் வெள்ளை மல் துணி ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். நூல் உதிராது. உங்கள் ஆட்கள் பையைத் திருப்பித் தரும்போது அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்லும்படி கேட்டீர்கள். கைதானவனைக்கூட 'சார்' என்று அழைக்கிறீர்களே, உங்களை நல்ல ஆசிரியர் ஒருவர் வளர்த்திருக்கிறார். நானும் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன்தான். அறிவியல் பாடம். எந்தப் பாடத்தையும் ஒரு கதையில் தொடங்கி ஒரு நீதியில் முடிப்பேன் என்பதால் பிள்ளைகள் எனக்குக் கதை வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அமீபாவுக்கும் கதை உண்டா என்று கேலி செய்வார்கள். உண்டு. குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டி, "பாருங்கள், இதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. ஆனால் உணவு கிடைத்த இடத்தை விட்டு நகராது. நன்றியுள்ள உயிர்" என்பேன். வகுப்பு சிரிக்கும்.

என் மகளைப் பற்றித்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும், மன்னிக்கவும். வானத்தில் தொங்கும் கூண்டு ஒன்றில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்துக் கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கும் வேலை. குனிந்தே இருக்க வேண்டும். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை. குனிந்தால் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு நாள் அது நழுவிக் கண்ணாடித் தரையில் விழுந்ததும் பெட்டி அந்தரத்தில் ஆடியதாம். அதற்குப் பிறகுதான் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினாள். அது பழகிய பின் அவளுக்குத் துறைமுகத்தில் வந்த பெயர் பருந்து.

லென்ஸ் வாங்கிய அன்று அதனோடு வந்த தாளை நான்தான் முழுவதும் படித்தேன். முறை எளிது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நூல் உதிராத துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வலது, இடது மாறிவிடாமலிருக்க எப்போதும் வலது கண்ணில் தொடங்க வேண்டும். கழற்றியதை உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் கழுவும் சொல்யூஷன் சில சொட்டு விட்டு, விரல் நுனியால் மெல்லத் தேய்க்க வேண்டும். டப்பாவில் இருக்கும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பழையதன் மேலேயே ஊற்றி நிரப்புவது சோம்பேறிகளின் பழக்கம். லென்ஸை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகு காலி டப்பாவையும் சொல்யூஷனால் அலசிக் கவிழ்த்து உலர வைக்க வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை அதையே மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் படக்கூடாது. குழாய்த் தண்ணீர், குடிதண்ணீர், காய்ச்சிய தண்ணீர், எதுவும் கூடாது. குளிக்கப் போகும்போதுகூடக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் வாழும் சிறு உயிர்கள் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே குடியேறிவிடும் என்று அதற்குக் காரணத்தையும் விளக்கினேன்.

"இவ்வளவு இருக்கா? நமக்கு இது ஒத்துவராதுப்பா," என்றாள்.

"உனக்கு எதுக்கு அந்தக் கவலை? கழட்டி என் கையில வை. மீதிய நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டாயிற்று. காலை முறை வேலை முடிந்து பிற்பகலில் வருவாள். முற்றத்துக் கைகழுவும் தொட்டியருகே நின்று லென்ஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள். அதன் பிறகு அவளுக்குக் கை நீளத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல். நான் கழுவி முடிக்கும் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வானத்திலிருந்து ஊரையே பார்க்கிற பருந்து, ஐயா, அந்தச் சில நிமிடங்கள் மட்டும் என் தோளில் உட்கார்ந்த குஞ்சு. மூக்குக்கண்ணாடியை நான் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் எடுத்து வைப்பேன். "அப்பா, கண்ணாடி எங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எழாத வீடு எனக்கு வீடாகவே தோன்றாது.

அவள் அம்மா உயிரோடு இருந்த காலத்திலும் எங்கள் குடும்பம் ஒட்டுதலான குடும்பம்தான். என் மனைவி எங்கேயாவது புறப்படும்போதெல்லாம் அவள் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும். கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

இனி அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். கிரேனுக்குக் கீழே தரையில் நின்று, பெட்டியை எங்கே இறக்குவது என்று கையால் சைகை காட்டுகிறவன். கையில் ஒரு வாக்கி டாக்கியும் உண்டு. அதில் வேலைப் பேச்சோடு வேறு பேச்சும் நடந்திருக்கிறது என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பையன். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

"மாமா, இப்ப நான் கைய ஆட்டுனாத்தான் மேலருந்து பெட்டி எறங்குது. கல்யாணத்துக்கு அப்பறம் இவங்க கைய ஆட்டுனா நான் எறங்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்," என்றான்.

"எறங்காம பாருங்க, கயித்த விட்டுடறேன்," என்றாள் அவள்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பில் அவர்களுக்கு இடையில் எனக்கு இடமில்லை என்பதைக் கவனித்தேன். ஆசிரியனுக்குக் கடைசி பெஞ்சில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும்.

சில வாரங்கள் கழித்து அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர மாதிரி சொன்னா கோவிச்சுக்குவேன்."

"புது துறைமுகத்துல பெரிய கிரேனுக்கு ஆள் எடுக்கறாங்க. என் பேரு வந்திருக்கு. கண் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அவருக்கும் அங்கயே வேலை கெடச்சுடும். நீங்களும் வந்துடுங்கப்பா. மூணு பேருமா இருந்துக்கலாம்."

"நான் அங்க வந்து என்ன பண்றது? வாசல்ல உக்காந்து வர்றவங்க போறவங்க செருப்ப எண்ணவா?"

"ஏன், எங்க ரெண்டு பேரு சண்டைக்கும் நடுவர் வேணாமா?"

"அப்ப லென்ஸ்?"

அவள் சிரித்துவிட்டாள். "லென்ஸ் கழுவறதுக்காக உங்கள ஆயுசுக்கும் தொட்டிக்கிட்ட நிக்க வைக்க முடியுமா? நானே கத்துக்கறேம்பா."

கற்றுக்கொண்டாள். அதுதான் எனக்கு வியப்பு. நான் பல மாதங்களாக ஒரு வழிபாடு போலச் செய்து வந்ததை அவள் ஒரே பிற்பகலில் கற்றுக்கொண்டாள். புதிய டப்பா வாங்கினாள், புதிய பாட்டில் வாங்கினாள். வலது கண்ணில் தொடங்கினாள். துணி, தேய்ப்பு, கவிழ்ப்பு, எதிலும் பிழையில்லை. மூக்குக்கண்ணாடியைத் தானே தொட்டியின் மேல் மாடத்தில் வைத்துக்கொண்டாள். யார் தோளையும் பிடிக்கவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி, "எத்தனை மார்க் சார்?" என்று கேட்டாள். நூற்றுக்கு நூறு என்றேன்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல அனுமதி கொடுங்கள். இதை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். ஒரு பெரிய மரத்தில் ஒரு குருவி வளர்ந்தது. புயற்காலம் நெருங்கியது. குருவியைக் காற்று அடித்துப் போய்விடுமே என்று மரம் கவலைப்பட்டது. அதனால் அது தினமும் தன் பட்டையிலிருந்து ஒரு சொட்டுப் பிசினை எடுத்துக் குருவி தூங்கும்போது அதன் இறகில் தடவிற்று. புயல் வந்தது. எல்லாப் பறவைகளும் சிதறிப்போயின, இந்தக் குருவி மட்டும் கிளையை விட்டு அசையவில்லை. நீதி, அன்பு என்பது விட்டுவிடாமல் இருப்பது. என் மகள் சிறுமியாக இருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "புயல் போனப்பறம் குருவிக்கு யாரு சாப்பாடு தந்தா?" என்று கேட்டாள். "மரம்தான்" என்றேன். "மரம் எப்படிப்பா தரும்?" என்றாள். தூங்கு என்று விளக்கை அணைத்தேன்.

நான் நினைத்தது மிகச் சிறியது. கண் பரிசோதனை நாளன்று கண் கொஞ்சம் சிவந்திருந்தால் போதும். பெயர் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து வெகு காலமாயிற்று. அடியில் வண்டல். சுத்தம் செய்ய வருகிறவரை இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரிசோதனைக்கு முன்பு, அவள் பிற்பகலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, டப்பாவில் இருந்த சொல்யூஷனைக் கொட்டிவிட்டு அந்தத் தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். கை கழுவிவிட்டுத்தான் செய்தேன். பழக்கம் விடவில்லை.

நினைத்தபடி கண் சிவந்தது. அவள் உடனே லென்ஸைத் தூர எறிந்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மாறினாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான், கண் உறுத்தினால் லென்ஸ் போடாதே என்று. நான்கைந்து நாளில் கண் தெளிந்துவிட்டது. துறைமுக அலுவலகத்தினர் நல்லவர்கள். பருந்துக்காகப் பரிசோதனையைத் தள்ளி வைத்தார்கள். உலகத்தில் நல்லவர்களால் விளைகிற தொல்லைகளைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அவள் புது லென்ஸ் ஜோடி, புது டப்பா எல்லாம் வாங்கினாள். இம்முறை இன்னும் கவனமாக இருந்தாள். ஆகவே நான் டப்பாவைத் தொடவில்லை. பாட்டிலைத் தொட்டேன். அவள் எவ்வளவு செலவழித்தாளோ அவ்வளவையும் தொட்டித் தண்ணீரால் ஈடுசெய்துவைத்தேன். அவள் முறை தவறாமல் கை கழுவி, முறை தவறாமல் தேய்த்து, முறை தவறாமல் பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்றினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எழுத்தர் தம்பி 'கவனக் குறைவு' என்று ஏதோ எழுதுகிறார் போலிருக்கிறது, அந்தச் சொல் என் மகளுக்குப் பொருந்தாது.

ஒரு முறை சைகைக்காரத் தம்பி வீட்டுக்கு வந்தபோது அவளுக்காகப் புதிய பாட்டில் ஒன்று வாங்கி வந்தான். மாடத்தில் இருந்த பழைய பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"என்ன மாமா இது, உங்க வீட்டு பாட்டில் அட்சய பாத்திரமா? எடுக்க எடுக்கக் கொறையவே மாட்டேங்குது."

"சிக்கனமான பொண்ணு தம்பி. நீங்க குடுத்து வச்சவரு," என்றேன்.

"ஆமா, என் சம்பளத்துக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்," என்று சிரித்தான். அவள் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் என்னப் பத்திப் பேசாம காபியக் குடிங்க," என்று குரல் கொடுத்தாள். இனிமையான மாலை அது.

வலி வலது கண்ணில் தொடங்கிற்று. இம்முறை வெறும் சிவப்பு அன்று. வெளிச்சம் பட்டால் கத்தியால் குத்துவது போல இருக்கிறது என்றாள். சன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினேன். மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். வெயிலில் போனால் இன்னும் மோசமாகும், உடம்புச் சூட்டுக் கண்வலிதான், இரண்டு நாள் பார்ப்போம் என்றேன். எனக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டுமருந்து கொஞ்சம் மீதி இருந்தது. இதை வேறு யாருக்கும் போடாதீர்கள், கிருமி இருந்தால் வளர்த்துவிடும் என்று மருத்துவர் அன்று என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். சிவப்பைக் குறைக்கும். அதைப் போட்டேன். சிவப்பு குறைந்தது. "பாத்தியா?" என்றேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்றாள்.

ஐயா, இந்த ஒரு வாக்கியத்துக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். கோட்டை கட்டுகிறார்கள். நான் சொட்டுமருந்து விட்டேன்.

கடைசியில் அந்தத் தம்பிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போகாத குறையாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். கண் மருத்துவ அம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இமையைத் தூக்கி மறுபடியும் பார்த்தார். பிறகு, "கருவிழியில புண்ணு. ஆழமா போயிருக்கு. இது தண்ணியில இருக்கற உயிரால வர்றது. லென்ஸ எதுலம்மா கழுவினீங்க?" என்று கேட்டார்.

"சொல்யூஷன்லதான் டாக்டர். ஒரு நாள்கூட தண்ணி படல. ஒருவேள கை சரியா தொடைக்கலையோ என்னவோ," என்று என் மகள் தடுமாறினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே பாத்துக்குங்கன்னு விட்டிருந்தா இது வந்திருக்காதுல்லப்பா?" என்றாள்.

"போகட்டும்மா, விடு," என்றேன். அவள் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மறுப்பதற்கும் காரணம் தோன்றவில்லை. அதற்குப் பிறகு பல நாள்கள் அவள் அதையே சொல்லி அழுதாள், அழும்போது புண் எரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மருத்துவ அம்மா, வீட்டில் இருக்கும் டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். தம்பி புறப்பட்டான், நானும் கூடப் போனேன். அதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட எனக்கு நேரம் இருந்ததே என்று நீங்கள் கேட்டீர்கள். உண்மை. ஆனால் அவள் மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறெந்தப் பொருளையும் அதன் இடத்தை விட்டு எடுப்பது என் இயல்பு அல்ல. பாட்டில் மாடத்திலேயே இருந்தது, நிறைவாக. அதற்குப் பக்கத்தில் அவன் வாங்கிவந்த புதிய பாட்டிலும் இருந்தது, முத்திரை உடையாமல். அவன் இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நின்றான். சைகை காட்டியே பிழைக்கிறவன் அல்லவா, சொல் தேவைப்படவில்லை. "மாமா," என்று மட்டும் சொன்னான். அவன் வழக்கமாகச் சொல்லும் கேலி எதுவும் வரவில்லை.

சோதனைச்சாலையில் என்ன கண்டார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. பாட்டிலில் இருந்ததும், அவள் கருவிழியில் இருந்ததும், எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் இருந்ததும் ஒரே குடும்பம். வகுப்பில் நான் காட்டிய அதே அமீபாவின் உறவுக்காரர்கள். ஆம், நான்தான் ஊற்றினேன். தெரிந்து ஊற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று ஆகிவிடும்.

வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறார்கள். இடது கண்ணிலும் புண், அது ஆறுகிறது. பெரிய கிரேனுக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டார். நான் வேண்டியது அவ்வளவுதானே, ஆகவே இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். உங்கள் ஆட்கள் வருவதற்கு முன் கடைசியாக ஒரு முறை மருத்துவமனைக்குப் போனேன். திரைச்சீலைகள் மூடிய அறை. இரண்டு கண்களிலும் கட்டு. நான் வாயைத் திறக்கவில்லை, கதவருகே இரண்டடி வைத்தேன், அவ்வளவுதான்.

"அப்பாவா?" என்றாள்.

"ஆமாம்மா."

வகுப்பில் விடை தெரியாத பிள்ளை கேட்பது போல மெதுவாகக் கேட்டாள். "தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானப்பா சொல்லிக் குடுத்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். செவிலியர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். மகள் அப்படிச் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். வலியில் இருக்கிறவர்கள் அப்படித்தான், நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஐயா. கண் இரண்டும் கட்டியிருக்கும்போதே, காலடி ஓசையை வைத்து அவள் என்னைக் கண்டுகொண்டாள். அந்தத் தம்பி கட்டிலின் மறுபக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஓசை அவளுக்கு அப்படித் தெரியுமா என்ன?

புண் ஆறிய பிறகு, தழும்பு விழுந்த கண்ணுக்குப் பெரிய கெட்டி லென்ஸ் ஒன்று பொருத்திப் பார்க்கலாம் என்று மருத்துவ அம்மா சொல்லியிருக்கிறாராம். இதுவரை இருந்ததைவிட இரண்டு மடங்கு கவனமாக அதைக் கழுவிப் பாதுகாக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும், ஒவ்வொரு நாளும். அந்த வேலையை இப்போதே அந்தத் தம்பி செவிலியரிடம் கற்றுக்கொள்கிறானாம். நீங்கள் எனக்கு எத்தனை ஆண்டு வாங்கித் தருவீர்களோ, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. துறைமுகத்தில் கயிறும் எண்ணெயும் பிடித்த கை அது. கழுவிய பிறகு அவன் அதை எந்தத் துணியில் துடைப்பானோ, என் குழந்தையின் கண்ணை நினைத்தால் எனக்கு அந்த ஒரு கவலைதான்.